நிரலாக்கம் கற்பித்தலை ஆய்வுத்துறையாக எடுக்கலாமா? கொழும்பிலிருந்து ஒரு கேள்வி

#1 நிரல்நிலா

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தில் உதவி விரிவுரையாளராக இருக்கிறேன். முதலாம் வருடத்துக்குப் பைதன் (ஒரு நிரல்மொழி) லாப் எடுப்பதுதான் முக்கிய வேலை. கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். என்னோடு படித்தவர்கள் அநேகமாக எல்லோரும் மெஷின் லேர்னிங் பக்கம் போய்விட்டார்கள். எனக்குத் தலைக்குள் நிற்கிற கேள்வி வேறு: எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு நான் சொல்வது எந்த இடத்தில் விளங்காமல் போகிறது?

உதாரணமாக இந்த மூன்று வரியைப் பாருங்கள்.

அ = 5
ஆ = அ
அ = 7

இப்போது ஆவின் பெறுமானம் என்ன என்று கேட்டால் வகுப்பில் கணிசமான பேர் 7 என்கிறார்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆவும் அவும் சமம் என்று ஒருமுறை எழுதியாயிற்று, ஆகவே ஒன்று மாறினால் மற்றதும் மாறத்தானே வேண்டும் என்று யோசிக்கிறார்கள். கணிதத்தில் அது சரியான யோசனை. நிரலிலோ அந்த வரி அப்போதிருந்த பெறுமானத்தை எடுத்து வைப்பது மட்டுமே. "இல்லை, 5" என்று திருத்தினால் அந்தக் கேள்விக்கு அன்று சரியாகச் சொல்வார்கள். லூப் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அமைப்பு) படிப்பிக்கும்போது அதே நம்பிக்கை வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

இதை ஆய்வாகச் செய்ய விரும்புகிறேன் என்றதும் எங்கள் இடத்தில் ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர், "நல்லாப் படிப்பிக்கிறதுக்கு எதுக்கு பிஎச்டி? கம்பியூட்டிங்கில ஒன்றைச் செய்யுங்கோ" என்றார். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. உலகத்தில் இது ஒரு துறையாக நிற்கிறதா? கொழும்பில் இருந்துகொண்டு இதில் ஒரு வாழ்க்கையை அமைக்க முடியுமா?

#2 தெமட்டகொட நானா

தங்கச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். நான் பல வருடமாக மென்பொருள் துறையில் இருக்கிறேன், ஆட்களை நேர்முகம் கண்டு எடுக்கிறேன். என் அனுபவத்தில் சிலருக்கு இது வரும், சிலருக்கு வராது. ஒரே விரிவுரையாளரிடம் படித்து, ஒரே லாப்பில் இருந்தவர்கள்தான். ஒருவருக்குக் கை தானாக ஓடும், மற்றவருக்கு நாலு வருடம் முடிந்தும் ஒரு சின்ன லூப்பை எழுத நெற்றி வேர்க்கும். அப்படி என்றால் படிப்பிக்கும் முறையை ஆராய்ந்து எவ்வளவு தூரம் போகலாம்?

இன்னொன்று உங்கள் எதிர்காலம். இந்த நாட்டில் மெஷின் லேர்னிங்கில் கலாநிதி என்றால் கம்பனியும் கூப்பிடும், கம்பஸும் கூப்பிடும். கல்வி ஆய்வுக்கு யார் கூப்பிடுவார்கள்? ஒரு மூத்த சகோதரனாகத்தான் கேட்கிறேன்.

#3 கொட்டாஞ்சேனை ஐசிடி

நானா, "சிலருக்கு வரும்" எண்டு நீங்கள் சொல்லுற ஆக்கள் ஆர் எண்டு நான் பாடசாலையில பாக்கிறன். வீட்டில லப்டொப் இருக்கிற பிள்ளை. அண்ணன் மொறட்டுவையில படிக்கிற பிள்ளை. பின்னேரம் வெள்ளவத்தையில ரியூசனுக்குப் போகக் காசு இருக்கிற பிள்ளை. உங்களிட்ட நேர்முகத்துக்கு வரேக்குள்ள அதெல்லாம் மறைஞ்சு, "திறமை" மட்டும்தான் தெரியும்.

எங்கட பிள்ளையள் கீழ் வகுப்பில ஸ்க்ராட்ச் எண்ட நிரல்மொழி படிக்கினம். சாதாரண தரத்துக்கு வர பாஸ்கல். உயர்தரத்துக்கு வர பைதன். ஒவ்வொரு முறையும் எழுதுற விதம் மாறுது. உள்ளுக்க இருக்கிற விஷயம் ஒண்டுதான் எண்டு சொல்லிக் குடுக்க நேரம் கிடைக்கிறதில்ல, பாடத்திட்டத்தை முடிக்கோணும், கடந்தகால வினாத்தாள் செய்யோணும். பிள்ளை பாஸ்கல்ல ஒரு லூப்பைப் பாடமாக்கி எழுதும். பைதனுக்கு வந்தா முதல்ல இருந்து பாடமாக்கும்.

மகரகமையில தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டி தருது. எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை எண்டு அதில இருக்கும். பிள்ளை எந்த இடத்தில, ஏன் பிழைவிடும் எண்டது எனக்குத் தேவை. அதைத் தமிழ்மொழி மூலப் பிள்ளையளை வச்சு ஆராய்ஞ்சு ஒருவர் எழுதித் தந்தா நாளைக்கே வகுப்புக்குக் கொண்டு போவன். தங்கச்சி, தயங்க வேண்டாம்.

#4 பழைய பாஸ்கல்

ஓய்வுபெற்ற விரிவுரையாளன். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிரல்நிலா, உங்கள் முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: நிற்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நிற்கிறது. பிள்ளைகளுக்கென்று லோகோ மொழியை சீமோர் பாப்பர்ட், வொலி ஃபோய்ர்சைக், சிந்தியா சொலமன் ஆகியோர் உருவாக்கியது 1967இல். கணினியியல் கற்பித்தலுக்கான அமெரிக்க மாநாடு 1970இலிருந்து நடக்கிறது. இந்த ஆய்வுக்கென்றே ஐசர் என்ற சர்வதேச மாநாடு 2005இல் தொடங்கியது.

உங்கள் மூன்று வரிக்கும் வரலாறு இருக்கிறது. பிரித்தானியாவில் பென் டு பூலே 1986இல் எழுதிய கட்டுரையில், தொடக்க மாணவர் இடறுகிற இடங்களைப் பிரித்துக் காட்டினார். அவர் அழுத்திச் சொன்னது: மொழியின் இலக்கணத்தைப் படிப்பிப்பது போதாது. அந்த நிரலை ஓட்டுகிற இயந்திரம் உள்ளே என்ன செய்கிறது என்ற ஒரு படம் மாணவர் மனதில் உருவாக வேண்டும். ஆங்கிலத்தில் அதை நோஷனல் மெஷின் என்பார்கள். 7 என்று சொல்கிற உங்கள் மாணவரிடமும் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படம் பிழை என்பதால் அவருக்கு மூளை இல்லை என்று ஆகிவிடாது. 2010இல் பிலிப் குவோ வெளியிட்ட பைதன் டியூட்டர் இதற்காகவே உதவுகிறது. ஒவ்வொரு வரியாக ஓட்டி, எந்த மாறியில் இப்போது என்ன இருக்கிறது என்று கட்டம் போட்டுக் காட்டும். லாப்பில் காட்டிப் பாருங்கள். ஆனால் அடுத்த பொத்தானை அமுக்குவதற்கு முன்னர், என்ன மாறும் என்று மாணவரை எழுத வையுங்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் பலன் குறைவு.

யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சொலோவே தந்த ஒரு கணக்கு மிகப் பிரபலம். மழைவீழ்ச்சிக் கணக்கு என்பார்கள். எண்களை ஒவ்வொன்றாக வாங்கு, 99999 வந்ததும் நிறுத்து, வாங்கிய எண்களின் சராசரியைச் சொல், அந்த 99999ஐச் சேர்க்காதே. கேட்க எவ்வளவு சுலபம்! 1983இல் வெளியான ஆய்வில் அறிமுகப் பாட மாணவர்களில் 14 வீதமானோர்தான் சரியாகச் செய்தார்கள். யேலில்! மாணவர்களுக்கு லூப் தெரியும், கூட்டத் தெரியும், எண்ணத் தெரியும், வகுக்கத் தெரியும். நான்கையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி அடுக்குவதில்தான் இடறல் என்று சொலோவே குழு காட்டியது.

2001இல் மக்ராக்கன் தலைமையில் நான்கு பல்கலைக்கழகங்களில் 216 மாணவரை நிரல் எழுதவைத்துச் சோதித்தார்கள். 110 புள்ளிக்குச் சராசரி 22.89. அது பல விரிவுரையாளர்களை உலுக்கியது. அதைத் தொடர்ந்து 2004இல் ரேமண்ட் லிஸ்டரும் கூட்டாளிகளும் இன்னும் அடிப்படையான ஒன்றைக் கேட்டார்கள்: எழுதுவதை விடுவோம், ஏற்கனவே எழுதிய சின்ன நிரலை வாசித்து, அது என்ன தரும் என்று சொல்ல முடிகிறதா? பல நாடுகளில் பலருக்கு அதுவே திடமாக வரவில்லை. நாங்கள் வாசிக்கப் பழக்காமலே எழுதச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

இனி நானாவின் "சிலருக்கு வரும்" பற்றி. இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருப்பதாகவே பேசப்பட்டது. 2006இல் சயீத் தெஹ்னாடியும் ரிச்சர்ட் போர்னட்டும் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். பாடம் தொடங்கும் முன்னரே ஒரு சிறு பரீட்சை வைத்து, யார் தேறுவார் யார் தேறமாட்டார் என்று பிரிக்கலாம் என்றார்கள். அந்தப் பரீட்சையில் இருந்தது என்ன தெரியுமா? நிரல்நிலா எழுதிய மாதிரியான பெறுமானம் கொடுக்கும் வரிகளே. உலகம் முழுதும் விரிவுரையாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2014இல் போர்னட்டே முன்வந்து அந்தக் கோரலை மீளப் பெற்றார். அப்படியொரு தகுதிப் பரீட்சை இல்லை என்று எழுதினார். மீளப் பெற்ற செய்தி கட்டுரை போன தூரம் போகவில்லை.

2016இல் எலிசபெத் பட்டிட்சாஸ் குழு, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணினியியல் பாடங்களில் 778 புள்ளிப் பரம்பல்களை எடுத்துப் பார்த்தது. வருபவர், வராதவர் என்று இரண்டு கூட்டம் இருந்தால் வரைபில் இரண்டு மேடு தெரிய வேண்டும். 5.8 வீதமானவற்றில்தான் அப்படிச் சொல்ல இடமிருந்தது. அதே குழு விரிவுரையாளர்களுக்குத் தெளிவில்லாத வரைபுகளைக் காட்டியது. பிறவித் திறமையை நம்புகிறவர்களுக்கே அதில் இரண்டு மேடு கூடுதலாகத் தெரிந்தது.

ஒரே லாப்பில் இருந்தும் இடைவெளி ஏன் இவ்வளவு விரிகிறது என்ற நானாவின் கேள்வி நியாயமானது. நியூசிலாந்தின் அந்தனி ரொபின்ஸ் 2010இல் சொன்ன விளக்கத்தை நான் ஏற்கிறேன். நிரலாக்கத்தில் ஒவ்வொரு கருத்தும் முந்தியதோடு இறுகப் பிணைந்தது. இரண்டாம் வாரம் தவறவிட்டவருக்கு மூன்றாம் வாரம் இருமடங்கு கஷ்டம். பிடித்துக்கொண்டவருக்கு ஒவ்வொரு வாரமும் இலேசாகிக்கொண்டு போகும். கடைசியில் பார்க்கிறவருக்கு இரண்டு வகை மனிதர் போலத் தெரியும். தொடக்கத்தில் இருந்த வித்தியாசமோ மிகச் சிறியது.

#5 தெமட்டகொட நானா

சேர், போர்னட் மீளப் பெற்றது எனக்குப் புதிய செய்தி. அந்தக் கட்டுரையைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் இன்றும் பேசுவார்கள். நன்றி.

ஆனாலும் விளக்கம் தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? முறையை மாற்றி, பலன் மாறியது என்று யாராவது காட்டியிருக்கிறார்களா? எங்கள் துறையில் அளந்து காட்டாத ஒன்றுக்கு மதிப்பில்லை.

#6 கடல்கடந்தவள்

நான் கொழும்புப் பிள்ளைதான், இப்போது ஐரோப்பாவில் இதே துறையில் கலாநிதிப் பட்டம் செய்கிறேன். நானா கேட்டதற்கு இரண்டு உதாரணம்.

முதலாவது, சான் டியேகோவில் லியோ போர்ட்டர், சிந்தியா பெய்லி லீ, பெத் சைமன் 2013இல் வெளியிட்டது. விரிவுரையின் நடுவில் கேள்வி போட்டு, முதலில் தனியாக விடை தெரிவு செய்யவைத்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி தெரிவு செய்ய வைக்கும் முறை. நான்கு பாடங்களில் பல வருடத் தரவு. சாதாரண விரிவுரையில் சராசரியாக 20 வீதம் சித்தியடையவில்லை, இந்த முறையில் 7 வீதம். அதற்கு விலைகூடிய கருவி தேவையில்லை, நிறக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினாலும் போதும்.

இரண்டாவது மார்க் குஸ்டியல். நிரல்நிலா, இவருடைய தொழில்வாழ்க்கையைப் பாருங்கள், உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதில் வெளிச்சம் இருக்கிறது. சேர் சொன்ன அதே சொலோவே மிச்சிகனுக்குப் போன பிறகு அவரிடம் மாணவராக இருந்தவர். 1993இல் கல்வியியலிலும் கணினியியலிலும் சேர்ந்த கலாநிதிப் பட்டம். அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் வேலை. அங்கே 1999இலிருந்து எல்லா மாணவரும் ஒரு கணினிப் பாடம் செய்ய வேண்டும் என்று விதி. கலை, கட்டடக்கலை, முகாமைத்துவ மாணவரில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதில் தோற்றார்கள். 2003இல் அவர்களுக்கென்று பாடத்தை மாற்றினார். லூப் படிக்க எண்களைக் கூட்டத் தேவையில்லை: ஒரு படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிவப்பைக் குறை, ஒலியைத் திருப்பி ஓடவிடு. சித்தி 85 வீதத்தை ஒட்டி ஏறியது.

எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது இதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தால். பத்து வருடம் கழித்து 2013இல் தன் முறையைத் தானே பரிசோதித்தார். மாணவர் பாடத்தில் தங்கி நிற்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, அவர்கள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். இது ஆய்வா என்று கேட்கிற அந்தச் சிரேஷ்ட விரிவுரையாளருக்கு நான் இதைத்தான் காட்டுவேன். 2018இல் மிச்சிகனுக்கே பேராசிரியராகத் திரும்பிப் போனார்.

நடைமுறைக்கு வருவோம். "இது உண்மையான கம்பியூட்டிங் இல்லை" என்ற பேச்சு இங்கேயும் இருக்கிறது. அதைத் தாண்ட ஒரே வழி, கணினியியலையும் விடாமல் கல்வியியல் ஆய்வுமுறையையும் ஒழுங்காகக் கற்பது. நேர்காணலை எழுத்தாக்கிப் பகுப்பது, புள்ளிவிபரம், ஒழுக்கநெறி அனுமதி எல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்கும். என் முதல் வருடம் முழுக்க அதில்தான் போனது. 2019இல் சாலி ஃபின்சரும் ரொபின்ஸும் இந்தத் துறைக்கென்று பதிப்பித்த கேம்பிரிட்ஜ் கைநூலில் இருந்து தொடங்குங்கள். மேற்பார்வையாளரைத் தேடும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்க வேண்டாம், கடைசி மூன்று வருடத்தில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். நல்ல குழுக்கள் அமெரிக்காவில் மட்டுமல்ல, பின்லாந்திலும் நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும் இருக்கின்றன.

#7 மூன்றாம்பெஞ்ச்

வணக்கம். நான் ஹட்டன் பக்கம். தமிழ் மீடியத்துல ஏ.எல். ஐசிடி செஞ்சி, இப்ப கொழும்புல ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், வெள்ளவத்தையில போர்டிங். நீங்க எல்லாரும் எங்கள பத்தி பேசுறதால எழுதணும்னு தோணிச்சி.

ஏ.எல்.ல எனக்கு ஐசிடி ஏ. கம்பஸ் வந்ததும் எல்லாம் இங்கிலீஷ். பைதன்ல வர்ற சொற்கள் பிரச்சினை இல்ல, அது பத்து முப்பது சொல்லு, ஒரு வாரத்துல பழகிடும். கஷ்டம் கேள்விய வாசிக்கிறதுல. ஒரு லாப் கேள்வி அரைப் பக்கம் இருக்கும். "இத்தன தடவைக்கு மேல போகக்கூடாது, ஆனா இந்த நெலமையில மட்டும்" அப்படின்னு ஒரு நீள வசனம். அந்த "ஆனா"வ தவறவிட்டா புரோகிராம் முழுக்க பிழை. என்னோட லொஜிக் பிழையா, வாசிப்பு பிழையான்னு திருத்துறவங்களுக்கு தெரியாது. சைபர் போட்டுட்டு போயிடுவாங்க.

அடுத்தது எரர் மெசேஜ். சிவப்பு எழுத்தப் பாத்ததும் மேல இருந்து கீழ வாசிக்காம மூடிடுவோம். பக்கத்துல இருக்கிறவன்கிட்ட தமிழ்ல கேட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். மிஸ்கிட்ட கேக்க வசனம் அமைக்கிறதுக்குள்ள அவங்க அடுத்த ஆள்கிட்ட போயிடுவாங்க. கை தூக்காத பிள்ளைக்கு சந்தேகம் இல்லன்னு தயவு செஞ்சி நெனைக்காதீங்க.

நிரல்நிலா அக்கா, நீங்க தமிழ்ல பேசுற மிஸ். உங்க லாப்புல எங்கள மாதிரி ஆட்கள் இருப்பாங்க. அவங்கள வச்சி செய்ங்க.

#8 நிரல்நிலா

மூன்றாம்பெஞ்ச் தம்பி, உங்கள் பதிவைப் பல தடவை வாசித்தேன். லொஜிக் பிழையா, வாசிப்புப் பிழையா என்று நீங்கள் கேட்டதுதான் என் ஆய்வுக் கேள்வியாக வரக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது.

இப்படி யோசிக்கிறேன். மழைவீழ்ச்சிக் கணக்கை ஒரு குழுவுக்கு ஆங்கிலத்திலும் இன்னொரு குழுவுக்குத் தமிழிலும் கொடுத்தால்? எழுதுவது இருவரும் பைதனில்தான். வித்தியாசம் வந்தால் அது வாசிப்பினால் வந்தது என்று சொல்லலாம் அல்லவா? சேர், கடல்கடந்தவள் அக்கா, இது நிற்குமா?

#9 பழைய பாஸ்கல்

முழுதாக நிற்காது. எங்கே ஆடும் என்று சொல்கிறேன்.

தமிழ்மொழி மூலம் படித்தவர்கள் கம்பஸ் வந்து ஒரு வருடத்தில் கணினிப் பேச்சை ஆங்கிலத்திலேயே பழகிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தமிழில் கேள்வி கொடுத்தால் அதுவே அந்நியமாக இருக்கலாம். ஆகவே வித்தியாசம் வந்தாலும் வராவிட்டாலும் காரணம் தெளிவாகாது. பாடசாலை மாணவரிடமும் முதல் வருடம் தொடங்குகிறவரிடமும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். புள்ளியை மட்டும் எடுக்காமல், சிறு தொகையினரைத் தனியே இருத்தி, செய்யும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த மொழியில் யோசிக்கிறார்கள், எந்த வசனத்தில் நிற்கிறார்கள் என்பது அதில் வெளிவரும். புள்ளிகள் அதைச் சொல்லாது.

உங்கள் சொந்த மாணவரை வைத்துச் செய்வதில் இன்னொரு சிக்கல். புள்ளி போடுகிறவரே வந்து "விருப்பமிருந்தால் பங்குபற்றுங்கள்" என்றால் யார் மறுப்பார்கள்? சம்மதம் வாங்கும் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும், யார் சம்மதித்தார் என்பது புள்ளி வெளியான பிறகுதான் உங்களுக்குத் தெரியவர வேண்டும்.

முன்னோடி வேலையும் இருக்கிறது. பைதன் டியூட்டர் செய்த அதே குவோ, ஆங்கிலம் தாய்மொழியல்லாத நிரலாக்க மாணவர்கள் பற்றி 2018இல் எழுதினார். 86 நாடுகளிலிருந்து 840 பேர் பதில் எழுதியிருந்தார்கள். பாடக்குறிப்பை வாசிப்பது, சந்தேகத்தை எழுதிக் கேட்பது, நிரலை வாசிப்பதும் எழுதுவதும் என்று எல்லா இடத்திலும் தடை. தம்பி ஹட்டனிலிருந்து வந்து சொன்னதை அப்படியே அதில் காணலாம். ஆனால் அது இணையத்தில் கேட்டுத் திரட்டியது. ஒரே நாட்டில் மூன்று மொழி மூலத்தில் ஒரே பரீட்சை எழுதி, ஒரே ஆங்கில வகுப்புக்குள் வந்து சேர்கிற மாணவர் நம்மிடம் இருக்கிறார்கள். இந்த நாட்டின் வகுப்பறையில் வேலை செய்கிறவருக்குத்தான் அது கைக்கெட்டும். கொழும்பில் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள்.

#10 கொட்டாஞ்சேனை ஐசிடி

வாசிக்கப் பழக்காமல் எழுதச் சொல்லுறம் எண்டு சேர் சொன்னதில ஒண்டு சேர்க்கிறன். 2022இல கரண்ட் வெட்டு இருந்த நேரம் லாப்பைத் திறந்து பிரயோசனம் இல்லை. அப்ப நான் செய்தது: ஒரு சரியான புரோகிராமை வரிவரியாப் பெரிய எழுத்தில எழுதி, கத்தரிக்கோலால வெட்டி, கலைச்சு, மூண்டு பேருக்கு ஒரு கட்டுக் குடுத்தன். ஒழுங்குபடுத்தி மேசையில அடுக்கோணும். உள்ளுக்க போகவேண்டிய வரியை வலப்பக்கம் தள்ளி வைக்கோணும். தேவையில்லாத வரியும் ரெண்டு கலந்திருக்கும்.

லாப்பில வாயே திறக்காத பிள்ளையள் அண்டைக்குச் சண்டை பிடிச்சினம். "கூட்டுற வரி லூப்புக்குள்ள, சராசரி வரி வெளியில" எண்டு ஒரு பிள்ளை மற்றவளின்ட கையைப் பிடிச்சு துண்டை இடம் மாத்தி வைச்சாள். அதுக்குப் பெயர் இருக்கெண்டே எனக்குப் பிறகுதான் தெரியும். பார்சன்ஸ் புதிர் எண்டு சொல்லுவினமாம்.

#11 கடல்கடந்தவள்

ஆமாம் சேர், டேல் பார்சன்ஸ், பட்ரீஷியா ஹேடன் இருவரும் நியூசிலாந்தில் 2006இல் வெளியிட்டது. மிச்சிகனில் இருக்கும் பார்பரா எரிக்சன் தன் கலாநிதி ஆய்வையே இதில்தான் செய்தார். அதே புரோகிராமை எழுதப் பழகுகிறவர்களை விட, இப்படி அடுக்கிப் பழகியவர்கள் குறைந்த நேரத்தில் முடித்தார்கள், கற்றதும் குறையவில்லை. நீங்கள் சொன்ன அந்தக் கையைப் பிடித்த கணம் கணினித்திரையில் பதிவாகாது. மூன்று பேர் தமிழில் வாதாடியதை ஒலிப்பதிவு செய்திருந்தால் அதுவே ஒரு ஆய்வுக் கட்டுரைக்கான தரவு.

#12 தெமட்டகொட நானா

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, இதைக் கேட்காமல் விட்டால் தங்கச்சிக்கு நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். இப்போது சாட்ஜிபிடி இந்தக் கணக்கெல்லாம் ஒரு நொடியில் எழுதுகிறது. எங்கள் கம்பனியில் புதியவர்கள் அதை வைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். தங்கச்சி கலாநிதிப் பட்டம் முடித்து வரும்போது நிரலாக்கம் படிப்பிக்கும் தேவையே குறைந்துபோனால்?

#13 கடல்கடந்தவள்

நானா, சாட்ஜிபிடி வருவதற்கு முன்னரே இந்தத் துறை அதைப் பார்த்துவிட்டது. 2022 தொடக்கத்தில் ஃபினி-ஆன்ஸ்லி, பால் டெனி முதலானோர் ஓக்லாந்தில் தங்கள் முதல் வருடப் பரீட்சையை கோடெக்ஸ் என்ற, நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம் கொடுத்தார்கள். அது 71 மாணவரோடு ஒப்பிட 17ஆம் இடத்தில் வந்தது. மழைவீழ்ச்சிக் கணக்கின் பல வடிவங்களையும் கொடுத்துப் பார்த்தார்கள்.

உங்களையே ஒன்று கேட்கிறேன். அந்தப் புதியவர்கள் அது எழுதித் தந்ததை வாசித்து, இந்த இடத்தில் பிழை என்று கண்டுபிடிக்கிறார்களா?

#14 தெமட்டகொட நானா

சிலர் கண்டுபிடிக்கிறார்கள். பலர் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு பட்டியலில் கடைசி ஆளை விட்டுவிட்டு மிச்ச எல்லோருக்கும் கணக்குப் பார்க்கிற நிரலை அப்படியே சேர்த்துவிட்டார்கள். லூப்பின் எல்லையில் ஒன்று குறைவு. நிரலைப் பார்த்தவர் மூவர், மூவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பென்சிலைக் கொடுத்து வரிவரியாகப் பெறுமானம் எழுதச் சொன்னேன், அப்போதுதான் பிடிபட்டது.

நீங்கள் கேட்டது விளங்குகிறது. லிஸ்டர் 2004இல் கேட்ட கேள்விதான் இப்போது என் மேசையில் இருக்கிறது. எழுதுவதை இயந்திரம் செய்யும் என்றால், வாசிக்கிற ஆள் இன்னும் பலமாக இருக்க வேண்டும்.

#15 மூன்றாம்பெஞ்ச்

நானா, எங்க பக்கம் இருந்தும் ஒண்ணு. நான் அதுகிட்ட தமிழ்ல கேக்குறேன். வெக்கம் இல்லாம எத்தன தடவ வேணும்னாலும் கேக்கலாம். அது எனக்கு பெரிய உதவி. ஆனா அது சொன்னது சரியான்னு பாக்க எனக்கு இன்னும் தெரியல. அது பிழையா சொன்னாலும் அழகா சொல்லும்.

#16 பழைய பாஸ்கல்

தொழில்பக்கம் இரண்டு வார்த்தை. நம் பல்கலைக்கழகங்களில் கல்வி ஆய்வுக்கென்று தனி நாற்காலி எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் கணினி விரிவுரையாளராகத்தான் சேர்வீர்கள், தரவுத்தளமோ வலையமைப்போ ஒன்றைப் படிப்பிப்பீர்கள், ஆய்வு இதுவாக இருக்கும். பதவி உயர்வுக்குத் தரமான மாநாட்டிலும் சஞ்சிகையிலும் வந்த கட்டுரை எண்ணப்படும். இந்தத் துறையின் முக்கிய சஞ்சிகைகளும் மாநாடுகளும் ஏசிஎம் (சர்வதேசக் கணினியியல் சங்கம்) போன்ற அமைப்புகளின் கீழ்தான் வருகின்றன, ஆகவே அதில் குறை சொல்ல இடமில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். முதலாம் வருட வகுப்பைக் கையில் எடுக்க விரும்பி வருகிற ஆளுக்குக் கதவு மூடியிருக்காது.

இந்த ஊரில் இதற்கு வேரும் உண்டு. பேராசிரியர் சமரநாயக்க கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்வியை வளர்த்த காலத்தில், நேர்வகுப்புக்கு வர வசதியில்லாதவர்களுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பெரிய கேள்வியாக வைத்திருந்தார். 2000இல் தொடங்கிய வெளிவாரி பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) பட்டம் அந்த யோசனையின் பிள்ளை. நாடு முழுவதும் ரியூசன் நிலையங்களிலும் வீட்டிலும் இருந்து அதைப் படிப்பவர்கள் எப்படி நிரலாக்கம் கற்கிறார்கள் என்பதும் ஒரு ஆயுள்கால ஆய்வுக்குப் போதுமான விடயம்.

ஒரு எச்சரிக்கை. சம்பளத்தில் நானா சொன்ன வித்தியாசம் உண்மை. வீட்டுப் பொறுப்பு இருந்தால் அதை எண்ணிப் பார்த்தே முடிவெடுங்கள். ஆர்வம் வீட்டு வாடகையைக் கட்டாது.

#17 நிரல்நிலா

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் அம்மாவோடு பேசிவிட்டேன். இந்தத் துறைக்கே விண்ணப்பிக்கிறேன். முன்மொழிவின் தலைப்பு தமிழ்மொழி மூலம் படித்து ஆங்கிலத்துக்கு வருகிற மாணவரின் கேள்வி வாசிப்பும் நிரல் வாசிப்பும் பற்றியதாக இருக்கும். சேர் சொன்னபடி பெரிய பரீட்சை வைக்காமல், வாய்விட்டு யோசிக்கச் சொல்லும் சிறிய ஆய்விலிருந்து தொடங்குகிறேன். என் மாணவரை எடுக்கப் போவதில்லை.

கொட்டாஞ்சேனை சேர், உயர்தர மாணவரோடு அந்த வெட்டிய காகிதத் துண்டுகளை வைத்து ஒரு முன்னோட்டம் செய்ய உங்கள் பாடசாலையில் இடம் கிடைக்குமா? கேள்விகளைத் தமிழில் எழுதி உங்களுக்கு முதலில் அனுப்புகிறேன். தெமட்டகொட நானா, அந்தக் கடைசி ஆளை விட்ட நிரலைப் பெயர் விபரம் நீக்கித் தர முடிந்தால் பெரிய உதவி.

#18 தெமட்டகொட நானா

தருகிறேன். மேலிடத்தில் அனுமதி கேட்டுவிட்டு, மாறிகளின் பெயரை மாற்றி இந்த வார இறுதிக்குள் அனுப்புகிறேன். மூன்று பேரும் பென்சிலால் எழுதிய தாள்களும் என்னிடம் இருக்கின்றன, அவர்கள் சம்மதித்தால் அதையும்.

#19 கொட்டாஞ்சேனை ஐசிடி

இடம் இருக்கு தங்கச்சி. ஆனா அதிபரின்ட அனுமதியும் வேணும், வலயக் கல்விப் பணிமனைக்கும் ஒரு கடிதம் குடுக்கோணும். பெற்றோருக்குத் தமிழில தனிக் கடிதம். பரீட்சை நெருங்க முதல் செய்யோணும், பிறகு ஒருத்தரும் பிள்ளையளை விடமாட்டினம். வியாழக்கிழமைப் பாடம் ரெண்டு வேளை சேர்ந்து வரும், அதுதான் வசதி. பிள்ளையளின்ட பெயரோ பாடசாலைப் பெயரோ எங்கயும் வராது எண்டதைக் கடிதத்தின்ட முதல் பந்தியிலயே எழுதுங்கோ, அதிபர் முதல்ல அதைத்தான் கேப்பார்.